தேய்ந்த செப்புக்காசில் இருக்கும் ராஜா யார்? ஓசிஆர்ஈ இணையதளத்தைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

கையில் ஒரு பழைய செப்புக்காசு. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் ஏதோ ஓர் உருவம். ரோமானியக் காசாக இருக்குமோ என்று சந்தேகம். இப்படி வந்து கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஓசிஆர்ஈ (ஆன்லைன் காயின்ஸ் ஆஃப் தி ரோமன் எம்பயர்) என்ற இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பணம் கேட்காது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, நடுவில் விளம்பரம் குதிக்காது. ஆனால் காசைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு வருபவருக்குத்தான் அது பதில் சொல்லும். பார்க்காமல் போய்த் தேடினால் ஆயிரக்கணக்கான வகைகளை முன்னால் கொட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

அமெரிக்க நாணயவியல் கழகமும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பண்டைய உலக ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய தளம் இது. அகஸ்டஸ் தலையெடுத்த கி.மு. 31-இல் தொடங்கி, பேரரசர் ஜீனோ இறந்த கி.பி. 491 வரை ரோமப் பேரரசு அடித்த காசுகள், 43,000-க்கும் மேற்பட்ட வகைகள், ஒரே இடத்தில் இருக்கின்றன. இதற்கு அடிப்படை ஆர்ஐசி (ரோமன் இம்பீரியல் காயினேஜ்) எனப்படும் பத்துத் தொகுதிப் பட்டியல். முதல் தொகுதி 1923-இல் வந்தது, பத்தாவது 1994-இல். அந்தப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்குவது என் போன்ற பள்ளி ஆசிரியருக்கு நடக்காத காரியம். வாங்கினாலும் படங்கள் எல்லாம் கடைசியில் கறுப்பு வெள்ளைப் பக்கங்களாகத்தான் இருக்கும். ஓசிஆர்ஈ-யில் அதே ஆர்ஐசி எண்ணின் கீழ் பெர்லின் அருங்காட்சியகத்துக் காசு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக் காசு, நியூயார்க்கில் இருக்கும் காசு என்று வண்ணப் படங்கள் வரிசையாக வருகின்றன.

நான் கரூரில் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். என் மாமா நகைப்பட்டறை வைத்திருந்தவர். அமராவதி ஆற்று மணலை அலசிப் பொன்துகள் எடுக்கும் ஆட்கள் அந்தக் காலத்தில் தங்கத்தோடு செப்புக்காசுகளையும் பட்டறைகளுக்குக் கொண்டுவருவார்கள். பெரும்பாலானவை உருக்குச் சட்டிக்குத்தான் போயின. என் தாத்தா மட்டும் உருவம் தெரிகிற சிலதை ஒரு மூக்குப்பொடி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அது மாமாவிடம் வந்து, இப்போது என் மேசையில் இருக்கிறது. கரூர் ஆற்றில் சேரர் காசு, ரோமர் காசு, கிரேக்கக் காசு எல்லாம் கிடைத்தது ஊருக்கே தெரிந்த சேதி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்குப் போகும் பாதையில் இருந்த ஊர் இது. ஆகவே டப்பாவில் ரோமானியக் காசு இருப்பதில் வியப்பில்லை. எந்த ராஜா, எந்த ஊர் அச்சு, எந்த வருஷம் என்பதுதான் கேள்வி.

ஒரு காசை எடுத்துக்கொள்கிறேன். குறுக்களவு 13 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தின் மேல் வைத்தால் சற்றே வெளியே நீட்டும். பட்டறைத் தராசில் 1.1 கிராம். கரும்பச்சைப் படலம். தலைப் பக்கத்தில் வலப்புறம் பார்க்கும் ஒரு முகம், நெற்றிக்கு மேல் முத்துகள் போலப் புள்ளி வரிசை, பின்கழுத்தில் இரண்டு நாடா நுனிகள். மறுபக்கத்தில் இடப்புறம் நோக்கி நடக்கிற ஓர் ஆள். தோளில் ஏதோ கம்பு.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “ஏங்கண்ணு, நம்ம முருகன் வேலு புடிச்சு நிக்கறாப்புல இருக்குதே?”

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, சன்னல் பக்கம் கொண்டுபோகும்வரை. காலை வெயில் சாய்வாக விழும்போது காசை மெல்லத் திருப்பினால் மேடும் பள்ளமும் பிரிந்து நிற்கும். தோளுக்குப் பின்னால் மெல்லிய கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கீழ்நோக்கி இறங்கின. துணி மடிப்பு அப்படி நிற்காது. “வேலு இல்லீங்க மாமா, இங்க பாருங்க, றெக்கை.” காலுக்குப் பின்னால் ஒரு சிறு குவியல், உற்றுப் பார்த்தால் முழங்காலிட்ட மனிதன். இடப்பக்க வெளியில் ஒரு சிலுவை; அதன் உச்சி மட்டும் வலப்புறம் வளைந்து கண்ணி போல முடிகிறது.

இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் நான் கணினியைத் திறந்தேன். தளத்தின் தேடல் பக்கத்தில் காசின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டம் உண்டு: தலைப்பக்க எழுத்து, தலைப்பக்க உருவம், பின்பக்க எழுத்து, பின்பக்க உருவம், உலோகம், அச்சுச்சாலை, பேரரசர். எழுத்து எதுவும் தெரியாவிட்டாலும் பின்பக்க உருவக் கட்டம் ஒன்றே போதும். விக்டரி என்றும் கேப்டிவ் என்றும் ஆங்கிலத்தில் தட்டினேன். சிறகுள்ள வெற்றித் தேவதை, இழுபடும் கைதி. உலோகத்தைச் செம்பு, வெண்கலப் பக்கம் திருப்பியதும் பட்டியல் சட்டென்று சுருங்கியது. அதில் திரும்பத் திரும்ப வந்த வகை சாலுஸ் ரெய்புப்ளிகே. நாட்டின் நலம் என்று பொருள்படும் வாசகம் சுற்றிலும் ஓட, தோளில் வெற்றிச் சின்னம் சாத்தி, கைதியை இழுத்துக்கொண்டு நடக்கும் விக்டரி. நாங்கள் வேல் என்று பார்த்தது, தோற்றவனின் ஆயுதங்களைக் கட்டித் தூக்கிய கம்பு.

இந்த வகைக்குப் பக்கத்தில் வந்து குழப்பும் காசுகள் இரண்டு இருக்கின்றன. கரூர், மதுரைப் பக்கத்துக் காசுகளோடு பழகுபவர்கள் இவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. குளோரியா ரோமனோரும் என்ற வகையிலும் கைதியை ஒருவர் இழுக்கிறார். ஆனால் அவர் பேரரசர், சிறகு கிடையாது, கையில் கொடி பிடித்திருப்பார். செக்யூரிதாஸ் ரெய்புப்ளிகே வகையில் சிறகுள்ள விக்டரி நடக்கிறாள், கையில் மாலையும் ஓலையும் இருக்கும், ஆனால் கைதி கிடையாது. இவை இரண்டும் 364-இலிருந்து 378 வரை ஏராளமாக அடிக்கப்பட்டவை, பொதுவாக 17, 18 மில்லிமீட்டர் இருக்கும். சிறகு, கைதி இரண்டும் சேர்ந்து, அளவும் 12 முதல் 14 மில்லிமீட்டர் என்றால் சாலுஸ். சேகரிப்பாளர்கள் ஏஈ-4 என்று சொல்வது இந்தச் சிறு அளவைத்தான். 17-க்குக் கீழே இருந்தால் நான்கு, அதற்கு மேல் 21 வரை மூன்று, இப்படி ஏறும். அந்தக் காலத்தில் ரோமர்கள் இவற்றை என்ன பெயரில் அழைத்தார்கள் என்பது வேறு விஷயம். தளத்தில் தேடும்போது இந்த எண்தான் உதவும்.

இதுவரை எழுத்தே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். உருவம் மட்டுமே 4-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ஆனால் எந்த ராஜா என்பதற்கு எழுத்து வேண்டும். இந்தக் காலத்தில் முகம் உதவாது. தளத்தில் காசை அடையாளம் காண்பதற்கென்றே ஒரு பக்கம் வைத்து, பேரரசர்கள், பேரரசிகளின் தலைகளை வரிசையாகக் காட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கு அந்தப் பக்கம் அருமையாக வேலை செய்யும். நீரோவின் தடித்த கழுத்து, நெற்றியில் முடியை முன்னால் வாரிவிட்ட டிராஜன், தாடி வைத்த ஹேட்ரியன் என்று ஒவ்வொருவரும் தனியாகத் தெரிவார்கள். 4-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் எல்லா முகமும் ஒரே அச்சு வார்த்ததுபோல: பெரிய கண், நேரான மூக்கு, முத்துப்பட்டம். அந்தப் பக்கத்தில் நேரம் செலவிடாமல் நேராக எழுத்துக்குப் போங்கள்.

சாலுஸ் வகையைக் கிழக்குப் பகுதியில் அடித்த பேரரசர்கள் நால்வர்: இரண்டாம் வாலண்டினியன், முதலாம் தியோடோசியஸ், அவருடைய பிள்ளைகள் ஆர்க்கேடியஸ், ஹோனோரியஸ். என் காசில் தலைக்கு முன்னால் இருந்த எழுத்துகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. மிஞ்சியவை நான்கே எழுத்து. கடைசி மூன்றும் ஐ, வி, எஸ் என்று தெளிவாகத் தெரிந்தன. அவற்றால் பிரயோஜனம் அதிகமில்லை, தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ், ஹோனோரியஸ் மூன்று பேருக்கும் அதே முடிவுதான். வாலண்டினியன் மட்டும் விலகுகிறார். அவர் பெயர் ஏ, என், வி, எஸ் என்று முடியும். ஆகவே ஐ-க்கு முந்தைய எழுத்துதான் தீர்ப்பு. எஸ் என்றால் அப்பா, ஆர் என்றால் தம்பி, டி என்றால் அண்ணன். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸை வைத்து, விளக்கை ஒருபக்கமாகத் தாழ்த்திப் பார்த்தேன். நிமிர்ந்த ஒரு கோடு, அதன் வலப்பக்கம் வயிறு தள்ளிய வளைவு, மேலும் கீழும் மூடியிருக்கிறது. ஆர் என்றால் கீழே ஒரு கால் நீண்டிருக்க வேண்டும், அப்படி எதுவும் இல்லை. எஸ் என்றால் நிமிர்ந்த கோடே இருக்காது. டி. அதாவது ஆர்க்கேடியஸ்.

அச்சுச்சாலைக்கும் இதே மாதிரிதான். உருவத்தின் காலடிக் கோட்டுக்குக் கீழே சிறு இடத்தில் ஊர்ப்பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். பாதிக் காசுகளில் அந்த இடம் விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும். என்னுடையதில் ஏ என்ற எழுத்தும் அடுத்ததன் மேல்பாதியும் இருந்தன. அடுத்தது எல் என்றால் அலெக்ஸாந்திரியா, என் என்றால் அந்தியோக்கியா. மேல்பாதியில் இரண்டு முனைகள் தெரிந்தன. எல்-லுக்கு ஒரு முனைதான். அந்தியோக்கியா. பைபிள் வாசித்தவர்களுக்குப் பழகிய பெயர். இன்று துருக்கியில் அந்தாக்கியா. ஓசிஆர்ஈ-யில் ஆர்க்கேடியஸ், அந்தியோக்கியா, சாலுஸ் என்று மூன்றையும் சேர்த்ததும் பட்டியல் கைவிரலுக்குள் அடங்கியது. ஒவ்வொன்றையும் திறந்து அருங்காட்சியகப் படத்தோடு வைத்துப் பார்க்கும்போது சிலுவையின் உச்சி வளைவு அப்படியே பொருந்தியது.

மாமாவிடம் சொன்னேன். ஆர்க்கேடியஸ் 383-இல் தன் தகப்பனால் பட்டம் கட்டப்பட்டவர், 408-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் இறந்தார் என்று. “அவ்வளவு தூரத்து ராஜா காசு நம்ம ஆத்துல என்ன பண்ணுச்சு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கரூரிலும் மதுரையிலும் இலங்கையிலும் இந்தச் சிறு செப்புக்காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. பெரிய வணிகத்துக்கு இவ்வளவு சின்னக் காசு எதற்கு என்று யோசித்த ஆய்வாளர்கள், இங்கே அன்றாடச் சில்லறையாகவே இவை புழங்கியிருக்கலாம் என்று சொல்கிறார்கள். கரூர், மதுரைக் காசுகளைத் தமிழில் முதலில் பரவலாக எழுதிக் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி முக்கியமானவர்.

தளத்தைப் பற்றிக் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, படத்தைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் வசதி இதில் கிடையாது. நம் கண்தான் படத்தைச் சொல்லாக மாற்ற வேண்டும், அதுவும் ஆங்கிலச் சொல்லாக. தமிழில் தேட வழியில்லை. லத்தீன் வாசகத்தைத் தட்டும்போது யு எழுத்து வரும் இடத்தில் வி போட வேண்டும், காசில் அப்படித்தான் பொறித்திருப்பார்கள். இது தெரியாமல் என் மாணவர்கள் பலர் ‘ஒன்றும் வரவில்லை மிஸ்’ என்று எழுந்துவிடுவார்கள். இரண்டாவது, சிறு செப்புக்காசு வகைகள் சிலவற்றுக்குப் படமே இல்லை, வெறும் வர்ணனை மட்டும்தான். படம் இருக்கும் இடத்திலும் அருங்காட்சியகங்கள் எடுத்து வைத்தது நல்ல காசு. நம்முடையது ஆற்றில் உருண்டது. இரண்டையும் ஒன்றாகக் காண்பதற்குக் கண் பழக வேண்டும். மூன்றாவது, பேரரசின் மைய அச்சு மட்டுமே இங்கே உண்டு. கிரேக்க எழுத்தோடு மாகாண நகரங்கள் அடித்த காசு என்றால் ஆக்ஸ்போர்டார் நடத்தும் ஆர்பிசி (ரோமன் ப்ராவின்ஷியல் காயினேஜ்) தளத்துக்குப் போக வேண்டும். பேரரசுக்கு முந்தைய குடியரசுக் காசுக்கு அமெரிக்க நாணயவியல் கழகத்திலேயே இன்னொரு தளம் தனியாக இருக்கிறது.

நமக்கு உறைக்கும் குறை நான்காவது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ரோமக் காசைப் பார்த்து உள்ளூரில் அடித்த காசுகள் இருக்கின்றன. இலங்கையில் இவை மிகுதி. எழுத்தின் இடத்தில் வெறும் கோடும் புள்ளியும் ஓடும், உருவம் குச்சி மனிதனாக இருக்கும், காசு சற்றுத் தடிமனாகவும் இருக்கலாம். டப்பாவில் அப்படிச் சிலது உண்டு. ஓசிஆர்ஈ அவற்றைப் பற்றி வாயே திறக்காது. அதன் எல்லை ரோமின் அதிகாரபூர்வ அச்சோடு முடிகிறது. நம்மிடம் வரும் காசில் எழுத்து படிக்கவே முடியாமல் உருவம் மட்டும் ரோம மாதிரியில் இருந்தால், தளத்தில் மணிக்கணக்காகத் தேடி மனம் சோர வேண்டாம். தேடும் இடம் அது இல்லை.

தமிழ்க் காசுக்கும் இது உதவாது. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில் அம்பு என்றால் சேரர். கோடுகளால் ஆன மீன் இருந்தால் பாண்டியர். சதுரக் காசில் பெருவழுதி என்று தமிழி எழுத்தில் இருப்பதுகூட உண்டு. இதில் ஒரு சுவையான இடம், கரூர் ஆற்றில் கிடைத்த மாக்கோதை காசு. வெள்ளிக் காசு, ரோமப் பேரரசர் தலையைப் போலவே ஒரு தலை, ஆனால் மேலே தமிழியில் மாக்கோதை என்ற பெயர். சேர மன்னன் ரோமக் காசைப் பார்த்துத் தன் முகத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறான். முகத்தை மட்டும் நம்பி ஓசிஆர்ஈ-யின் தலைவரிசையில் தேடினால் அவனை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. இந்த மாதிரிக் காசுக்கு ஜீனோ டாட் ஆர்யூ என்ற ரஷ்யத் தளம் நன்றாக இருக்கிறது. பல நாட்டுச் சேகரிப்பாளர்கள் தங்கள் காசுப் படங்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். நேரில் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு, கரூரில் அரசு அருங்காட்சியகம்.

செல்போன் செயலிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காசைப் படம் எடுத்தால் உடனே பெயர், விலை எல்லாம் சொல்லும் என்று விளம்பரம் வருகிறதே என்று. என் தம்பி மகன் ஒன்றை இறக்கித் தந்தான், பெயர் வேண்டாம். வாரச் சந்தா கேட்டது. மேலே சொன்ன அதே ஆர்க்கேடியஸ் காசை நேர் வெளிச்சத்தில் காட்டினால் ஒரு நாட்டுக் காசு, சற்றுத் திருப்பிக் காட்டினால் வேறொரு நாட்டுக் காசு என்றது. கூடவே பெரிய தொகையில் ஒரு விலை. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அந்த விலையை நம்பிவிடுகிறார்கள், எனக்குக் கோபம் வருவது அதனால்தான். சாலுஸ் வகை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட சில்லறை. உலகச் சந்தையில் மிகச் சாதாரணமாக விற்கும் காசு. அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஓசிஆர்ஈ விலை எதுவும் சொல்லாது. என்னைப் பொறுத்தவரை அது அதன் நல்ல குணம்.

அது சொல்லாத இன்னொன்று, காசு அசலா போலியா என்பது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அசல் காசை அச்சில் வார்த்து எடுத்த போலியும் அதே ஆர்ஐசி எண்ணுக்குத்தான் பொருந்தும், எழுத்தும் உருவமும் ஒன்றுதானே. விளிம்பில் வார்ப்புத் தையல் ஓடுகிறதா, முகப்பில் சிறு காற்றுக் குழிகள் இருக்கின்றனவா, எடை அந்த வகையின் சராசரிக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். கடைசி விஷயத்தில் மட்டும் தளம் கைகொடுக்கும். வகையின் பக்கத்தில் அருங்காட்சியகக் காசுகளின் சராசரி எடையும் குறுக்களவும் கொடுத்திருக்கிறார்கள்.

வகுப்பில் இதை வைத்து நடத்தும்போது நான் மாணவர்களை நேராகக் கணினியில் உட்கார வைப்பதில்லை. முதலில் ஒரு காசின் படத்தைக் காட்டி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் தமிழில் எழுதச் சொல்வேன். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி எழுதினாள்: “பசு நிற்கிறது, கீழே இரண்டு கன்று பால் குடிக்கிறது, மேலே இரண்டு நட்சத்திரம்.” பாதி சரி. கீழே இருப்பவை கன்றுகள் அல்ல, ரோமுலஸ், ரேமஸ் என்ற இரட்டைக் குழந்தைகள். பசு அல்ல, ஓநாய். ஆனால் பால் குடிக்கும் இரண்டு உருவம், இரண்டு நட்சத்திரம் என்று அவள் எழுதியதை வைத்தே தளத்தில் உர்ப்ஸ் ரோமா வகையைப் பிடித்துவிட்டோம். கான்ஸ்டாண்டிநோபிள் தலைநகரான 330-ஐ ஒட்டி அடிக்கத் தொடங்கியது. இன்னொருவன் ‘கோயில் கோபுர வாசல், மேலே நட்சத்திரம்’ என்று எழுதியது, கான்ஸ்டன்டைன் காலத்துக் கோட்டை வாசல். இரண்டு படைவீரர்கள் நடுவே கொடிக்கம்பம் என்று ஒரு காசு வந்தால் கம்பம் ஒன்றா இரண்டா என்று எண்ணச் சொல்வேன். இரண்டு என்றால் 330-இலிருந்து 335. ஒன்று என்றால் அதற்குப் பிந்தியது. பையன்களுக்கு இது பெரிய குஷி. ஒரு கம்பத்தை வைத்து வருஷத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர்களுக்கு நம்ப முடியாத விஷயமாக இருக்கிறது. வெள்ளிக் காசு வந்தால் வேலை இன்னும் சுலபம். தென்னிந்தியாவில் அதிகம் கிடைக்கும் இரண்டு வகை: கேடயம் சாத்தி நிற்கும் இரண்டு இளவரசர்கள் என்றால் அகஸ்டஸ், நாற்காலியில் அமர்ந்த பெண் என்றால் பெரும்பாலும் டைபீரியஸ்.

தேடும் முன் காசுக்கு ஒரு கெடுதல் செய்துவிடாதீர்கள். செம்பு என்றதும் நம் வீட்டில் கை புளிக்குத்தான் போகும். குத்துவிளக்குக்கு அது சரி. இந்தக் காசுகளில் மிஞ்சியிருக்கும் எழுத்தும் சிறகும் பெரும்பாலும் அந்தப் பச்சைப் படலத்தில்தான் நிற்கின்றன. புளியும் எலுமிச்சையும் படலத்தைத் தின்றுவிட்டால் ராஜாவும் அதோடு போய்விடுவார். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மண் தானாக இளகிய பிறகு மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். படம் எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம். சன்னல் ஓரம், ஒருபக்க வெளிச்சம், காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல படங்கள். ஒரு படத்தில் தெரியாத எழுத்து இன்னொன்றில் எழும்.

தளத்தைக் கணினியில் திறப்பது நல்லது. போனில் தேடல் கட்டங்களை நிரப்பவும் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கவும் சிரமம். கிடைத்த முடிவின் பக்கத்துக்கு நிலையான முகவரி உண்டு, அதைக் குறித்துக்கொண்டால் பிறகு யாரிடமும் காட்டலாம். நான் ஒவ்வொரு காசையும் தனித்தனி காகித உறையில் போட்டு, எடை, அளவு, ஆர்ஐசி எண், கிடைத்த இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வைக்கிறேன். கிடைத்த இடம் எந்தத் தளத்திலும் கிடைக்காது, காசை எடுத்தவர்தான் சொல்ல வேண்டும். இப்போது புதிதாக மண்ணிலிருந்து காசு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை நாட்டை விட்டு வெளியே அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியாருக்கு அனுமதி தரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் யாராவது படத்தைப் பார்த்துவிட்டுத் தபாலில் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.